சிவபாக்கியத்திடம் சொல்லாமல் விட்ட பதில்

சிவபாக்கியம் என்ற தாயிடம் நான் ஒரு பொய் சொன்னேன். அவருடைய மகளைச் சேர்த்துக்கொள்வதாக டவுன் சிங்களப் பாடசாலை அதிபர் என்னிடம் சொன்னார். நான் அறையைவிட்டு வெளியே வந்து, தூணோரம் காத்துக்கொண்டிருந்த அந்தத் தாயிடம், "எடம் இல்லையாம்மா" என்றேன். யாரும் என்னைச் சொல்லவைக்கவில்லை. யோசித்தே சொன்னேன்.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. எங்கள் தோட்டத்தில் ஒற்றை அறை வரிசை வீடுகளாக இருந்த பழைய லயங்களை ஒவ்வொன்றாக உடைத்துத் தனி வீடுகள் கட்டுகிறார்கள். அந்த வீடுகளுக்குப் போய்ப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்தவும், குடும்பங்களின் வேலைகளுக்குத் துணையாக இருக்கவும், பல்கலைக்கழகம் வரை போய்வந்த எங்கள் பிள்ளைகள் சிலர் சேர்ந்திருக்கிறார்கள். "ஐயா, இத்தன வருசமா லயத்துக்குள்ள போய் வந்தவர் நீங்கதான். ஒங்க அனுபவத்த எழுதிக் குடுங்க, புதுசா வர்றவங்க படிக்கட்டும்" என்று கேட்டார்கள். அவர்கள் எதிர்பார்த்தது வேறாக இருக்கலாம். ஆனால் புதிதாக வருகிறவர்களுக்கு உண்மையில் பயன்படக்கூடியது என்னிடம் இது ஒன்றுதான்.

என் சம்பள வேலை தபால் கந்தோரில் இலிகிதர் வேலை. அப்பா தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. நான் ஹற்றனில் விடுதியில் தங்கிப் படித்தவன். ரப்பர் மரங்களுக்கு நடுவே பிறந்தும் பால் வாளியைக் கையில் தூக்காதவன். வேலை கிடைத்துத் தெரணியகலைப் பக்கம் வந்தபோது, மாலையில் செய்வதற்கு ஒன்றும் இல்லாமல், அந்தோனிமுத்து ஐயாவோடு சேர்ந்துகொண்டேன்.

அவர் தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து கொடுத்து ஓய்வுபெற்றவர். எல்லோருக்கும் டிஸ்பென்சர் ஐயா. பிறப்புச் சான்றிதழ் இல்லாத பிள்ளை, பொலிஸில் மாட்டிக்கொண்ட மகன், ஆஸ்பத்திரியில் என்ன சொன்னார்கள் என்று புரியாத கிழவி, எல்லோருக்கும் அவர்தான் போய்வருவார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வெள்ளைச் சட்டையோடு, மழையோ வெயிலோ, குடையைப் பிடித்துக்கொண்டு லயத்துக்கு இறங்கிவிடுவார். அவரிடம் நான் பழகிய காலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்: முதல் வருடம் முழுவதும் அவர் பின்னால் குடையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன், வாய் திறக்கவில்லை.

அவர் லயத்துக்குள் போகும் விதத்தை மட்டும் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். லயத்துக்கு முன்னால் ஓடும் கழிவுநீர்க் கானுக்கு இந்தப் பக்கமே நின்றுவிடுவார். வீட்டுக்காரர்கள் கூப்பிட்ட பிறகுதான் கானைத் தாண்டுவார். கட்டிலில் உட்கார மாட்டார். ஒரே காம்பராவில் கட்டில்தான் அவர்களுடைய படுக்கையறை என்பார். ஒரு வீட்டில் தேத்தண்ணி குடித்தால் அடுத்த வீட்டிலும் குடிப்பார், வயிறு என்ன ஆனாலும். காம்பராக்களுக்கு நடுவே இருக்கும் சுவர் கூரைவரை போகாது. இந்த வீட்டில் பேசுவது அந்த வீட்டில் கேட்கும். அதனால் ஒருவருடைய சங்கதியை வெளியே மரத்தடியில் வைத்துத்தான் பேசுவார்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விதி வைத்திருந்தார். முதல் தடவை என்னைத் தனியாகக் கச்சேரிக்கு, அரசாங்க அலுவலகத்துக்கு, அனுப்பியபோது சொன்னார்:

"தம்பி, இவங்க கேட்டத கேட்டபடி அங்க சொல்லணும். அங்க வந்த பதில வந்தபடி இங்க சொல்லணும். நல்ல பதிலோ கெட்ட பதிலோ, நடுவுல நீ சமைக்காத. வெளங்குதா?"

"வெளங்குது ஐயா."

"தபால் கந்தோர்ல இருக்கிறவன்தானே. உறைய ஒடைக்காம குடுக்கிறதுதானே ஒன் பொழப்பு. அதே பொழப்புதான் இங்கயும். இங்க சம்பளம் இல்ல, அவ்வளவுதான் வித்தியாசம்."

இதை அவர் பிள்ளைகள் முன்னாலேயே சொல்லுவார். லயத்துப் பிள்ளைகள் அவரைப்போலக் குரலைக் கரகரப்பாக்கிக்கொண்டு "வந்தத வந்தபடி!" என்று சொல்லி விளையாடுவார்கள். அப்படி விளையாடியவர்களில் முதல் ஆள் யோகா.

யோகேஸ்வரி சிவபாக்கியத்தின் ஒரே மகள். அப்பா இல்லை. சிவபாக்கியம் விடியும்போதே மலையேறி ரப்பர்ப் பால் வெட்டப் போய்விடுவார். அந்த நேரத்தில் மகளைப் பக்கத்துக் காம்பராவில் விட்டுப் போவார். அந்திக்கு நான் நடத்திய வகுப்புக்குப் பிள்ளை தானாகவே வந்துவிடும். வகுப்பு நடந்தது பிள்ளைக்காம்பராவில். பால் வெட்டவும் கொழுந்து பறிக்கவும் போகிற தாய்மார் கைக்குழந்தைகளைப் பகலில் விட்டுப் போகும் கூடம் அது. குழந்தைகள் போன பிறகு, தொங்கும் ஏணைச் சீலைகளையெல்லாம் முடிச்சுப்போட்டு மேலே ஏற்றிவிட்டுக் கீழே பாய் விரிப்போம். பால்மாவும் மூத்திரமும் கலந்த வாசனை போகாது. இன்றைக்கும் எங்கேயாவது ஒரு கைக்குழந்தை பக்கத்தில் வந்தால் எனக்குக் கணக்குப் பாடம் ஞாபகம் வருகிறது.

ரப்பர் விதை வெடிக்கும் காலத்தில் வகுப்பு நடத்தவே முடியாது. வெளியே தோட்டம் முழுவதும் சட்சட்டென்று வெடித்துக்கொண்டிருக்கும். பிள்ளைகள் பையில் விதைகளோடு வருவார்கள். சீமெந்துத் தரையில் விதையைச் சூடு ஏற உரசி, அசந்திருப்பவன் கையில் வைத்து எடுப்பது விளையாட்டு. கந்தோர்க் களைப்பில் நான் கண்ணயர்ந்துபோன ஒரு நாள் என் மணிக்கட்டில் சுரீர் என்றது. துள்ளி எழுந்தேன். யோகா விதையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றாள்.

"ஐயா, செத்துப் போயிட்டீங்களான்னு பாத்தேன்."

வகுப்பே உருண்டு சிரித்தது. நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இன்னொரு தடவை கேட்க என்ன வேண்டுமானாலும் கொடுப்பேன் என்று இந்த வயதில் தோன்றுகிறது.

அவள் கெட்டிக்காரி. கிராமத்துச் சிங்களப் பிள்ளைகளோடு ஆற்றில் குளித்தே சிங்களம் பேசப் பழகியவள். ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையில் எங்கள் தோட்டப் பாடசாலையில் அதுவரை யாரும் எடுக்காத புள்ளி எடுத்தாள். அதோடு பிரச்சினையும் வந்தது. தோட்டப் பாடசாலையில் மேல் வகுப்புக்கு விஞ்ஞானம் கற்பிக்க ஆள் இல்லை. நல்ல தமிழ்ப் பாடசாலை இருந்த இடங்களுக்குப் போய்வர முடியாது. பெண் பிள்ளையை விடுதியில் விடச் சிவபாக்கியத்துக்கு மனமில்லை. பஸ் ஏறினால் டவுன் பாடசாலை. அது சிங்கள மொழிப் பாடசாலை. ஆய்வுகூடம் இருந்தது, எல்லாப் பாடத்துக்கும் ஆசிரியர்கள் இருந்தார்கள்.

சிவபாக்கியம் கானுக்கு அந்தப் பக்கம் நின்று என்னிடம் கேட்டார்:

"ஐயா, பிள்ளைய டவுன் இஸ்கோலுல சேக்க முடியுமான்னு கேட்டுப் பாக்கிறீங்களா? ஒரு வருசம் கீழ போட்டாலும் பரவால்லங்க. அவ பிடிச்சிருவா."

கேட்டுப் பார்க்கிறேன் என்றேன். ஆனால் உள்ளுக்குள் எனக்கு அது பிடிக்கவில்லை. அந்த நேரம் தோட்டப் பாடசாலையில் பிள்ளைகள் குறைந்துகொண்டே வந்தார்கள். இன்னும் குறைந்தால் மேல் வகுப்புகளை நிறுத்திவிடுவோம் என்று சொல்லியிருந்தார்கள். நான்தான் லயம் லயமாகப் போய், பிள்ளைகளை நம் மொழியிலேயே படிக்க வையுங்கள் என்று பேசிக்கொண்டிருந்தேன். யோகா போனால் அவள் பின்னால் இன்னும் நாலு வீடு போகும். இது ஒரு காரணம். பின்னால் எனக்கு நானே சொல்லிக்கொண்ட கௌரவமான காரணம். மற்றக் காரணம் சின்னது. சிங்களப் பாடசாலைக்குப் போனால் அவள் அந்தி வகுப்புக்கு வரமாட்டாள். அவள் இல்லாத பிள்ளைக்காம்பராவை நான் நினைத்துப் பார்த்தேன், எனக்குத் தாங்கவில்லை.

டவுனுக்குப் போன நாளில் சிவபாக்கியமும் வருவதாகச் சொன்னார். பால் நிறுத்துக் கொடுத்த கையோடு, ஸ்டோரிலிருந்து நேரே ஓடிவந்து பஸ்ஸைப் பிடித்தார். குளிக்க நேரமில்லை. சேலையில் ரப்பர்ப் பால் காய்ந்து கறுப்புக் கறுப்பாக ஒட்டியிருந்தது. காய்ந்த பாலின் புளித்த வாடை, அந்த வேலைக்குப் பழகாதவர்களுக்குக் கொஞ்சம் குமட்டும். பாடசாலை வராந்தாவில் அதிபரின் அறைக்கு வெளியே நின்றுவிட்டார்.

"உள்ள வாங்கம்மா."

"வேணாங்க ஐயா. இந்தக் கோலத்தோட எப்படிங்க? நீங்களே பேசுங்க, நான் இந்தத் தூணுகிட்ட நிக்கிறேன்."

நான் மட்டும் உள்ளே போனேன். அதிபர் நல்ல மனிதர். யோகாவின் புள்ளியைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒரு வருடம் ஐந்தாம் தரத்தில் உட்காரட்டும், சிங்களம் எழுதப் பழகியதும் மேலே போகலாம் என்றார். கடைசியாக, "சந்துதா எவன்ன" என்றார். திங்கட்கிழமை அனுப்புங்கள் என்று அர்த்தம். நான் நன்றி சொல்லிவிட்டு எழுந்தேன்.

கதவிலிருந்து தூண்வரை அதிக தூரமில்லை. அதற்குள் முடிவெடுத்துவிட்டேன்.

"எடம் இல்லையாம்மா."

அவர் தலையை மட்டும் ஆட்டினார். பஸ் தரிப்பிடத்தில் என்னிடமிருந்து விலகி நின்றுகொண்டு சொன்னார்:

"நான் குளிச்சிட்டு வந்திருக்கணுங்க ஐயா. வாடை உள்ள வரைக்கும் வந்திருக்கும்."

அப்போது உண்மையைச் சொல்லியிருக்கலாம். பஸ் வரவில்லை, நேரம் இருந்தது. அதிபரின் அறையும் அங்கேயேதான் இருந்தது. நான், "அப்படியெல்லாம் இல்லம்மா" என்று தாழ்ந்த குரலில் சொன்னேன். அது, அப்படித்தான் என்று ஒப்புக்கொள்வதுபோல இருந்தது என்று எனக்கே தெரிந்தது.

அன்று அந்தியில் டிஸ்பென்சர் ஐயா கேட்டார்.

"என்ன தம்பி, என்ன பதில்?"

"எடமில்லன்னுட்டாங்க ஐயா."

"பிரின்சிபல் வாயாலயே சொன்னாரா?"

"ஆமா."

குடையின் கைப்பிடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சரி" என்றார். அதற்குப் பிறகு அவர் சாகும்வரை என்னைத் தனியாக எந்த அலுவலுக்கும் அனுப்பவில்லை. வகுப்பை மட்டும் விட்டுவைத்தார்.

யோகா தோட்டப் பாடசாலையிலேயே படித்தாள். அந்தி வகுப்புக்கும் வந்தாள். எனக்கு வேண்டியது கிடைத்தது. இரண்டு வருடத்தில் கணித ஆசிரியர் மாற்றலாகிப் போனார். பதிலுக்கு ஆள் வரவில்லை. நான் எனக்குத் தெரிந்த கணக்கைச் சொல்லிக் கொடுத்தேன். அது போதவில்லை. சாதாரண தரப் பரீட்சையில் கணிதம் போய்விட்டது. அடுத்த வருடமே காமென்ட் தையல் வேலைக்கென்று கட்டுநாயக்கப் பக்கம் போனாள். அவள் போன பிறகு மேல் வகுப்புகளையும் நிறுத்திவிட்டார்கள். நான் காப்பாற்ற நினைத்தது அதுதான்.

சிவபாக்கியத்துக்கு நடந்ததுதான் இதைவிடப் பெரியது. அந்த நாளுக்குப் பிறகு அவர் குளிக்காமல் எந்தக் கந்தோர் வாசலையும் மிதிக்கவில்லை. தோட்டப் பாடசாலையின் பரிசளிப்பு விழாவுக்கு, மகள் மேடையேறிய நாளில்கூட, வேலை முடிந்து வந்தவர் வேலிக்கு அந்தப் பக்கமே நின்று பார்த்தார். "உள்ள வாங்கம்மா" என்று நானே போய்க் கூப்பிட்டேன். "வாடைங்க ஐயா" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். மற்றவர்களும் சிரித்தார்கள். லயத்தில் அது ஒரு பகிடியாகவே ஆகிவிட்டது. பால் வெட்டுகிற எல்லோர் மேலும் அடிக்கிற அதே வாடைதான். சிவபாக்கியம் ஒருவர்தான் அதற்காக வெட்கப்பட்டார்.

பல வருடங்கள் கழித்து அவர் சுகமில்லாமல் கரவனெல்ல ஆஸ்பத்திரியில் கிடந்தார். யோகா வேலையை விட்டுவிட்டு வந்து பக்கத்தில் இருந்தாள். சொல்லிவிட வேண்டும் என்று முடிவுசெய்துகொண்டுதான் போனேன். வார்ட்டில் கட்டிலை நெருங்கியதும் சிவபாக்கியம் கையை அசைத்து என்னைத் தடுத்தார்.

"கிட்ட வராதீங்க ஐயா. ரெண்டு நாளா மேலுக்குத் தண்ணி ஊத்தல."

நான் கட்டிலின் கால்பக்கமே நின்றேன். கொண்டுபோன தோடம்பழங்களை மேசையில் வைத்துவிட்டுத் திரும்பினேன். அந்த வாரமே அவர் போய்விட்டார்.

யோகா பிறகு தோட்டத்திலேயே கல்யாணம் முடித்து, அம்மா வெட்டிய மரங்களையே வெட்டப் போனாள். தனி வீடுகள் கட்டியபோது அவளுக்கும் ஒன்று கிடைத்தது. அவள் மகள் பெயர் டிலுக்சி. இந்த வருடத் தொடக்கத்தில் ஒரு நாள், வேலை முடிந்த கையோடு என் வீட்டு முற்றத்துக்கு வந்தாள்.

"ஐயா, பிள்ளைய டவுன் இஸ்கோலுல போடலாம்னு இருக்கேன். நீங்க ஒருக்கா வந்து பேசுறீங்களா?"

"ஒனக்கு என்னைவிட நல்லா சிங்களம் வருமே."

"பேச்சு வரும் ஐயா. போனதும் நம்ம கோலத்தப் பாத்து எடம் இல்லன்னு சொல்லிருவாங்களோன்னுதான். அம்மாவுக்குச் சொன்ன மாதிரி."

அதற்கு மேல் என்னால் மறைக்க முடியவில்லை. சொன்னேன். அதிபர் சொன்னதை, நான் சொன்னதை, ஏன் சொன்னேன் என்பதை, இங்கே எழுதியிருக்கிற வரிசையிலேயே. அவள் விரல்களில் காய்ந்திருந்த பாலை உரித்து உரித்துச் சின்ன உருண்டையாக உருட்டிக்கொண்டிருந்தாள்.

"அப்ப அது வாடைக்கு இல்லையா?"

"இல்ல."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது. சொல்லணும்னு ஆஸ்பத்திரிக்கு வந்தேன். சொல்லல."

உருண்டையைக் கீழே போட்டாள்.

"நான் காமென்டுக்குப் போனதுக்கு ஒங்கள ஒண்ணும் சொல்லமாட்டேன் ஐயா. எத்தனையோ பிள்ளைங்க போச்சு. ஆனா அம்மா கடைசி நாளுலயும் சோப்பு கேட்டாங்க. நர்ஸ் மிஸ்ஸி வர்றாங்க, தொடச்சு விடுன்னு கேட்டாங்க. நான்தான் தொடச்சு விட்டேன்." எழுந்து நின்றாள். "ஒரு வார்த்த சொல்லியிருந்தா போதுமே ஐயா."

"நான் வர்றேன் யோகா. அதிபர்கிட்ட நானே பேசுறேன். பிள்ளைக்கு என்ன செய்யணுமோ..."

"வேணாம்" என்று சொல்லிவிட்டுப் போனாள். உரித்த உருண்டை முற்றத்தில் கிடந்தது.

இனி என் வாசலுக்கு வரமாட்டாள் என்றே நினைத்தேன். ஆனால் அடுத்த கிழமை கீழே ரோட்டில் நின்று கூப்பிட்டாள். "ஐயா, வாங்க. பஸ் வருது." சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கினேன். டிலுக்சி பவுடர் பூசி, தேய்த்த உடுப்புப் போட்டு நின்றாள். யோகா மலையிலிருந்து இறங்கிய அதே கோலத்தில் இருந்தாள். இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கை மட்டும் அவிழ்த்திருந்தாள். பழைய சட்டை முழுவதும் பால் கறை.

"மாத்திட்டு வரலியாம்மா?"

"இல்ல."

பஸ்ஸில் பக்கத்திலிருந்த பெண் சேலையை இழுத்துக்கொண்டு நகர்ந்தாள். டிலுக்சி அம்மாவின் கையைப் பிடிக்கப் போய், "அம்மா, ஒட்டுது" என்றாள். "ஒட்டட்டும், நல்லாப் பிடி" என்றாள் யோகா.

பாடசாலை வராந்தாவில் புதிதாகப் பெயின்ட் அடித்திருந்தார்கள். மற்றபடி அதே வராந்தா.

"அம்மா எங்க நின்னாங்க?"

நான் தூணைக் காட்டினேன்.

"நீங்க அங்க நில்லுங்க."

அவள் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு அறைக்குள் போனாள். செருப்பை வாசலில் கழற்றவில்லை. உள்ளே நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. உட்கார்ந்துவிட்டாள் என்று தெரிந்தது. பிறகு சிங்களத்தில் அவள் குரல், இடையிடையே இன்னொரு பெண் குரல். என்ன பேசுகிறார்கள் என்பது தூண்வரை கேட்கவில்லை. வகுப்புக்குப் போன பிள்ளைகள் என்னைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனார்கள். அங்கே நிற்கிறவருக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று எதுவும் தெரியாது, வெளியே வருகிறவர் சொல்வது மட்டும்தான் தெரியும் என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது.

கதவு திறந்தது. யோகா நேரே என் முன்னால் வந்து நின்றாள்.

"'சந்துதா எவன்ன'ன்னாங்க. திங்கக்கெழம அனுப்பச் சொன்னாங்க." என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வந்தத வந்தபடி சொல்லிட்டேங்க ஐயா."

டிஸ்பென்சர் ஐயாவின் குரலில் சொல்லவில்லை. தன் குரலில்தான் சொன்னாள்.

டிலுக்சி இப்போது டவுன் பாடசாலைக்குப் போகிறாள். சனிக்கிழமைகளில் என்னிடம் தமிழ் எழுதப் படிக்க வருகிறாள். நான் கேட்கவில்லை, யோகாவே அனுப்பினாள். வகுப்பு என் வீட்டு முன்கூடத்தில், மூன்று நாலு பிள்ளைகளோடு நடக்கிறது. விதை வெடிக்கும் காலம் வந்தபோது ஒரு சனிக்கிழமை நான் கண்ணயர்ந்துவிட்டேன். மணிக்கட்டில் சுரீர் என்றது. கண்ணைத் திறந்தால் டிலுக்சி.

"யார் சொல்லிக் குடுத்தா?"

"அம்மா."

வெளியே பார்த்தேன். மகளைக் கூட்டிப்போக வந்த யோகா வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தாள். வகுப்பு முடியும்வரை ஒவ்வொரு சனிக்கிழமையும் அங்கேதான் நிற்கிறாள். ஒவ்வொரு தடவையும் நான் எழுந்து வாசலுக்குப் போய், "உள்ள வாம்மா" என்று கூப்பிடுகிறேன்.

"இருக்கட்டுங்க ஐயா" என்கிறாள்.

வாடைக்காக அவள் அங்கே நிற்கவில்லை என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.